பெரிய செட்டையும் நான் சொன்ன ஓமும்

சாமான் கொட்டிலுக்கு இந்த வருசம் புதிசா வந்திருக்கிற ஆறு பேருக்கும் எழுதுறன். நான் போன மாசம் ஓய்வு பெற்ற ஆள். புதுப் பிள்ளையளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாங்கோ அண்ணை எண்டு முதலாளி கேட்டவர். நல்ல வார்த்தை வேணுமெண்டா வேற ஆளைப் பிடிக்கச் சொல்லுங்கோ. என்னட்டைக் கிடக்கிறது ஒரு பிழை. அதைத்தான் தரலாம். அவரும் வாசிக்கட்டும்.

கொட்டில் சுவரில ஒரு தாள் ஒட்டிக் கிடக்கு, கண்டிருப்பியள். பலகை தண்ணிக்கு இறங்க முதல் தலைகீழாக் கவிட்டு வைச்சு, படிப்பிக்கிற ஆளின்ர கண்ணுக்குச் செட்டையைக் காட்ட வேணும் எண்டு எழுதிக் கிடக்கும். வெயிலில வெளிறிப் போன தாள். ஒருத்தரும் வடிவா வாசிக்கிறதில்லை. அது எப்பிடி அந்தச் சுவருக்கு வந்தது எண்டு ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டினம். முழுசாச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்தன்தான்.

இதை என்ர மனுசியும் வாசிப்பா. எட்டு வருசம் நான் என்ன வேலைக்குப் போய் வந்தனான் எண்டு அவவுக்கு இன்னும் விளங்கேல்லை. அதால ரெண்டு வரியில சொல்லிவிடுறன். கையில காற்றடிச்ச ஒரு பாய். காலுக்குக் கீழ ஒரு பலகை. பலகைக்கு அடியில ஒரு தண்டு. தண்டின்ர நுனியில, விமானத்துக்கு இருக்கிற மாதிரி, முன்னுக்குப் பெரிசா ஒரு செட்டை, பின்னுக்குச் சின்னன் ஒண்டு. பாய் இழுக்க வேகம் வரும். வேகம் வரச் செட்டை தூக்கும். பலகை தண்ணியை விட்டு எழும்பும், ஆள் பறப்பார். முன்செட்டை சின்னன், நடு, பெரிசு எண்டு அளவளவா இருக்கு, காற்றுக்குத் தக்கதைப் பூட்டுறது. சோளகக் காற்று அடிக்கிற மாசங்களில இதுக்கு மூளை தேவையில்லை. சின்னச் செட்டையைப் பூட்டிவிட்டிட்டுப் போய்ப் படுக்கலாம். மூளை தேவைப்படுறது சோளகம் செத்து வாடை இன்னும் வராத அந்த இடைக்காலத்தில. உடுப்புக் காயப்போடுற கொடியில போட்ட சாரம் ஆடுதோ இல்லையோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிற நாளுகளில.

நான் கடல் ஆள் இல்லை. வேலணையில தோட்டக்காரக் குடும்பம். தண்ணி இறைக்கிற மெஷினும் உழவு மெஷினும் திருத்தினவன். அம்பது வயசில, வெளிநாட்டில இருந்து வந்த முதலாளி இந்தப் பறக்கிற பள்ளிக்கூடத்தைத் தொடங்கேக்க, ஸ்குறூ முறுக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமெண்டு என்னைக் கூப்பிட்டவர். வந்த முதல் கிழமையே பின்செட்டையைத் தலைகீழாப் பூட்டினனான். முதலாளி ஏறினார், முகம் குப்புற விழுந்தார். திரும்ப ஏறினார், திரும்ப விழுந்தார்.

அண்டைக்கு என்னைக் காப்பாற்றினது ஜெனி. ஊர்காவற்றுறைப் பிள்ளை, கடற்தொழில் குடும்பம், அப்ப இருபத்தாறு வயசு. எங்கட பள்ளிக்கூடத்தில படிப்பிச்ச ஒரே ஊர் ஆள் அவள்தான். மற்றவை எல்லாம் வெளியில இருந்து வந்து ஆறு மாசம் நிண்டு போறவை. அவள் தண்ணிக்குள்ள போய்ப் பலகையைத் திருப்பிப் பாத்தாள், என்னைப் பாத்தாள். முதலாளிக்குக் காற்றுச் சரியில்லை, கரைக்கு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டு, கொட்டிலுக்குப் பின்னால கொண்டு வந்து செட்டையைச் சரியாப் பூட்டிக் காட்டினாள். அந்தக் கதை அவளோடையும் என்னோடையும் நிண்டிட்டுது.

பிறகு நான் தொழிலைப் பிடிச்சிட்டன். பெருமையாச் சொல்லேல்லை, உள்ளதைச் சொல்லுறன். ஆளைக் கண்ணால பாத்தே பாரம் சொல்லுவன். தண்டை எத்தினை விரல் முன்னுக்குத் தள்ள வேணும், பின்செட்டைக்குக் கீழ தகடு வைக்க வேணுமோ வேண்டாமோ எண்டு ஒரு தரம் ஏறி இறங்கினாச் சொல்லிப்போடுவன். நான் செட் பண்ணிவிட்டா அரிசி மூட்டையும் பறக்கும் எண்டு கரையில நிண்டு கதைச்சனான். கேட்டவை சிரிச்சவை. எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிச்சிருந்தது.

ஜெனிக்கு அந்தக் கதை பிடிக்காது. மெல்லிய காற்றில பெரிய செட்டை பூட்டினா ஆரையும் எழுப்பலாம் அண்ணை, எழும்பின ஆள் எப்பிடித் திரும்பி வருவார் எண்டதையும் சேத்துப் பாருங்கோ எண்டுவாள். அவள் சொன்னது சரி. பெரிய செட்டை கொஞ்சக் காற்றிலயே தூக்கும், தூக்கினாப் பிறகு லேசில இறக்காது. திரும்பவும் மாட்டாது. பழகின ஆளுக்கு அது சுகம். பழகாத ஆள் பிடிச்ச பாயை விடாமல் நேரா ஒரே போக்காப் போவார். அதால பழகுற ஆக்களுக்கு அவள் நடுச்செட்டைதான் குடுக்கிறது. தண்டைப் பின்னுக்குத் தள்ளி வைக்கச் சொல்லுவாள். காற்று இல்லாட்டி அவை எழும்பமாட்டினம். பரவாயில்லை, தண்ணியில நிண்டு திரும்பப் பழகட்டும், எழும்புறது பிறகு வரும் எண்டுவாள்.

இதில அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நாங்கள் பழக்கிற தண்ணிக்கு மேற்கால, கம்பு நட்டுக் கட்டுற களங்கண்டி வலையள் கிடக்கு. இடைக்காலம்தான் இறாலுக்கும் காலம். செட்டையின்ர விளிம்பு கத்தி மாதிரி எண்டது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் தொடங்கேக்கையே கடற்தொழில் சங்கம் மறிச்சது. ஜெனிதான் போய்க் கதைச்சவள். திரும்பத் தெரியாத ஒருத்தருக்கும் பெரிய செட்டை குடுக்கமாட்டம் எண்டு அவள் வாக்குக் குடுத்தாப் பிறகுதான் சங்கம் ஓம் எண்டது. முதலாளியை நம்பியோ என்னை நம்பியோ இல்லை. தங்கட பிள்ளை சொல்லுறாள் எண்டு.

அதோட அந்தப் பிழை நடந்த வருசம் அவளுக்கு ஒரு தவணையும் இருந்தது. படிப்பிக்கிறதுக்கு வெளிநாட்டுச் சான்றிதழ் ஒண்டு வைச்சிருந்தவள். அதைப் புதுப்பிக்கக் குறிச்ச அளவு மணித்தியாலம் தண்ணியில படிப்பிச்சுக் காட்ட வேணும். தை மாசத்தில பரிசோதிக்க ஆக்கள் வருவினம். அது கிடைச்சா எங்கையும் போய் வேலை செய்யலாம், தானே ஒண்டு தொடங்கவும் செய்யலாம். ஒவ்வொரு மணித்தியாலமாச் சேத்துக்கொண்டிருந்தாள்.

இனி அந்த நாளுக்கு வாறன்.

ஐப்பசி மாசம். கனடாவில இருந்து ஒருத்தர் வந்திருந்தவர். பூர்வீகம் புளியங்கூடல். அம்பதைத் தாண்டின நல்ல மனிசன், நல்ல பாரம். அவரின்ர மகன் அங்க இந்த விளையாட்டில கெட்டிக்காரனாம். தான் ஒருக்காப் பறக்கிறதை வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்ப வேணும், இல்லாட்டி வீட்டில மதிக்கமாட்டினம் எண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவார். ரெண்டு நாள் நடுச்செட்டையில நிண்டு தவண்டார். எழும்பேல்லை. மூண்டாம் நாள்தான் கடைசி, அடுத்த நாள் விமானம். அண்டைக்கும் காற்று அப்பிடியே செத்துக் கிடந்தது.

முதலாளி கொட்டிலுக்கு வந்தார். ஜெனி அப்ப மற்ற ரெண்டு பேரோட தண்ணிக்குள்ள நிக்கிறாள்.

"அண்ணை, மனிசன் நாளைக்குப் போறார். ஒருக்கா எழுப்பிவிடுங்கோவன்."

பிள்ளை நடுச்செட்டைதான் எண்டு சொன்னவள் எண்டன். அவர் என்ர தோளில கை வைச்சார். "அவள் கவனமாத்தான் சொல்லுவாள். ஆனா செட் பண்ணுறது ஆர், நீங்களோ அவளோ?"

அவ்வளவுதான் கேட்டவர். வெருட்டேல்லை, கட்டாயப்படுத்தேல்லை. அவர் வெருட்டினவர் எண்டு சொல்ல எனக்கு ஆசைதான், ஆனா அது பொய். எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. இருக்கிறதிலயே பெரிய செட்டையை எடுத்தன். தண்டை ரெண்டு விரல் முன்னுக்குத் தள்ளினன். பின்செட்டைக்குத் தகடு வைச்சன். பெரிய பாயைக் காற்றடிச்சுக் குடுத்தன். சத்தியமாச் சொல்லுறன், என்ர சீவியத்தில நான் செய்த திறமான செட் அது. அண்டைய காற்றுக்கும் அந்த மனிசன்ர பாரத்துக்கும் அதைவிடச் சரியா ஒருத்தராலயும் செய்ய ஏலாது.

அவர் இடுப்பளவு தண்ணிக்குப் பலகையை இழுத்துக்கொண்டு போனார். மழைத் தண்ணி வந்து கலங்கின நேரம், பலகைக்குக் கீழ என்ன கிடக்கெண்டு தெரியாது. ஜெனி மற்றவையை விட்டிட்டு அவரிட்டை வந்தாள். பெரிய பாயைக் கண்டிட்டு அங்க நிண்டே என்னைப் பாத்துக் கேட்டாள்.

"நடுச்செட்டைதானே அண்ணை?"

நான் ஓம் எண்டன்.

ஏன் சொன்னனான் எண்டு இத்தினை வருசம் யோசிச்சிருக்கிறன். முதலாளி எனக்குப் பின்னால நிண்டார். பெரிய செட்டை எண்டு சொன்னா அவள் கழட்டச் சொல்லுவாள் எண்டு தெரியும். இந்தக் காற்றில மனிசன் இருவது யார் தூரம் போய் விழுவார், ஆருக்குத் தெரியப் போகுது எண்டும் நினைச்சனான். எல்லாத்துக்கும் மேல, நான் பூட்டினது பறக்கிறதை எனக்குப் பாக்க வேணும் போல இருந்தது. அந்த ஓமைச் சொல்ல அரைச் செக்கன்கூடச் செல்லேல்லை.

அவள் நம்பினாள். பெரிய பாய்க்கு நடுச்செட்டை எண்டாப் பரவாயில்லை எண்டு யோசிச்சிருப்பாள். அவருக்குப் பாயைத் தூக்கிக் குடுத்தாள். மனிசன் முழங்காலில நிண்டார், எழும்பினார், ரெண்டு தரம் பாயை அசைச்சார். பலகை தண்ணியை விட்டு எழும்பிச்சுது.

நான் கை தட்டினன். வெக்கமில்லாமல் சொல்லுறன், கரையில நிண்டு சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினன். முதலாளி வீடியோ எடுத்தார். மனிசன் சத்தம் போட்டுச் சிரிச்சுக்கொண்டு போறார். இருவது யார் போய் விழேல்லை. அம்பது போனார், நூறு போனார். செட்டை அவரை விழ விடேல்லை. ஜெனி பாயை விடுங்கோ, பாயை விடுங்கோ எண்டு கத்திக்கொண்டு தண்ணிக்குள்ள ஓடத் தொடங்கினாள். பழகாத ஆள் பயந்தா விடமாட்டார், இன்னும் இறுக்கித்தான் பிடிப்பார். நேரா மேற்கால போனார். நான் தட்டின கை அப்பிடியே நிண்டிட்டுது.

வலைக்குள்ள அவர் போய் விழுந்த சத்தம் கரைக்குக் கேட்டுது. கம்புகள் சரிஞ்சதும் தெரிஞ்சுது. நல்ல காலம், அவருக்குக் கணுக்காலில வெட்டு, அஞ்சு தையலோட போச்சு. ஜெனி அவரை நிமித்தி நிக்க வைச்சாள். வலையைச் செட்டையில இருந்து எடுக்கிறதுக்காகப் பலகையைக் கவிட்டாள். அப்பத்தான் அவள் அதைக் கண்டவள். அங்க நிண்டு கொஞ்ச நேரம் கரையைப் பாத்தாள். முகம் தெரியிற தூரம் இல்லை. அது எனக்கு ஆறுதலா இருந்தது எண்டதையும் எழுதத்தான் வேணும்.

பலகையைத் தலையில வைச்சுக் கொண்டு வந்து எனக்கு முன்னால மணலில கவிட்டு வைச்சாள். செட்டையில வலைத் துண்டு தொங்குது. அந்த வலை அவளின்ர பெரியப்பாவின்ர.

"அண்ணை, நான் கேட்டனான்."

நான் என்ன சொன்னன் தெரியுமோ? காற்று ஏறிப்போச்சு பிள்ளை எண்டன். கொடியில கிடந்த சாரம் அப்பவும் ஆடேல்லை.

அடுத்த ஞாயிறு சேர்ச்சில பூசை முடிஞ்சு, கோயில் மண்டபத்தில சங்கம் கூடிச்சுது. அந்தச் சங்கத்துக்கு ஒரு வழக்கம் இருக்கு. கடலில ஒரு பிரச்சினை எண்டா, அந்த நேரம் கடலில நிண்டவையைத்தான் விசாரிப்பினம். கரையில நிண்டவையைக் கேக்கமாட்டினம். கரையில நிண்டவன் எல்லாம் கதைக்க வெளிக்கிட்டா ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சு அடிபாடு வரும் எண்டு பழைய ஆக்கள் வைச்சது. ஆனா கரையில நிண்டவன் தானா எழும்பினா வாயை மூடச் சொல்லமாட்டினம். இருத்திக் கேப்பினம். அதையும் எனக்கு ஆரோ முதலே சொல்லியிருந்தவை.

நானும் முதலாளியும் பின்வரிசை வாங்கில இருந்தம். கனடாக்காரர் போயிட்டார். முன்னுக்கு ஜெனி தனிய நிண்டாள். பெரியப்பா ஒரு பக்கம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். தலைவர் சத்தம் போடாமல், ஆறுதலாத்தான் கேட்டார்.

"பெரிய செட்டை குடுக்கமாட்டம் எண்டு சொன்னனீர். அண்டைக்கு என்ன செட்டை எண்டு பாத்தனீரோ?"

"பாக்கேல்லை. கேட்டனான்."

"ஆரைக் கேட்டனீர்?"

ஜெனி உடனை மறுமொழி சொல்லேல்லை. திரும்பிப் பாக்கவும் இல்லை. ஒரு செபம் சொல்லி முடிக்கிற நேரம் அவள் அப்பிடி நிண்டிருப்பாள். நான் குனிஞ்சு சீமெந்து நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தன். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டாச் சொல்லுவன், கேக்காமல் நான் ஏன் எழும்ப வேணும், இது அவையின்ர வழக்கம், நான் தோட்டக்காரன், எனக்கென்ன தெரியும். இப்பிடி ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் காரணம் வந்துகொண்டே இருந்துது.

"நான் பாத்திருக்க வேணும்" எண்டாள் ஜெனி. "பிழை என்ரதான்."

சங்கம் தீர்த்தது இதுதான். வலையைப் பள்ளிக்கூடம் திருத்திக் குடுக்க வேணும். பள்ளிக்கூடம் கிழக்குப் பக்கம் தள்ளி நடக்கலாம். வாக்குக் குடுத்திட்டு மீறினவள் இனி அந்தத் தண்ணியில ஆரையும் இறக்கக் கூடாது. அவளின்ர சொந்தக்காரர் நிறைஞ்ச மண்டபத்தில ஒருத்தரும் அதை மறுத்துக் கதைக்கேல்லை. வாக்கு எண்டா அவைக்கு அப்பிடி.

வெளியில வந்து முதலாளி என்னைத் தட்டிக்குடுத்தார். உங்களை இதுக்குள்ள இழுக்கக் கூடாதெண்டுதான் அண்ணை நானும் வாய் திறக்கேல்லை எண்டார். எனக்கு உபகாரம் செய்த மாதிரி. நானும் தலையாட்டினன். ரெண்டு கிழமையில தெற்கில இருந்து வேற ஆளைக் கொண்டு வந்தார். தாளில கவிட்டுக் காட்ட வேணும் எண்டு எழுதிச் சுவரில ஒட்டினவர். அவரை நான் குறை சொல்ல ஏலாது. அவர் வாய் திறக்காத நேரம் நான் மட்டும் என்ன செய்தனான்.

ஜெனி தை மாசம் பரிசோதனைக்குப் போகேல்லை. படிப்பிக்கத் தண்ணி இல்லாமல் மணித்தியாலம் எங்க சேரும். சான்றிதழ் காலாவதியாப் போச்சு. பெரியப்பா வீட்டோட பேச்சில்லை. நண்டு உடைக்கிற கம்பனிக்கு வேலைக்குப் போனாள், இப்பவும் அங்கதான். பிறகும் அஞ்சு வருசம் நான் உந்தக் கொட்டிலில செட்டை பூட்டினனான். பிரியாவிடையில எனக்குப் பொன்னாடை போத்தினவை. பிழையே விடாத கை எண்டு முதலாளி ஒலிவாங்கியில சொன்னவர். நான் மறுக்கேல்லை.

அந்தப் பொன்னாடை போத்தின அடுத்த நாள் ஊர்காவற்றுறைக்கு பஸ் எடுத்தன். ஜெனி வேலையால வந்து முற்றத்தில நிண்டாள். விரல் எல்லாம் நண்டு ஓடு கீறின காயம், சில இடத்தில பிளாஸ்டர். உள்ள கூப்பிட்டுக் கதிரை தந்து தேத்தண்ணி வைச்சாள். நான் சுத்தி வளைக்கேல்லை. அண்டைக்கு நான் பொய் சொன்னனான் எண்டன். மண்டபத்தில எழும்பியிருக்க வேணும் எண்டும் சொன்னன்.

"தெரியும் அண்ணை. தலைவர் ஆரைக் கேட்டனீர் எண்டு கேக்கேக்க, உங்கட பேர் வாயில வந்திட்டுது. நானாச் சொன்னாக் காட்டிக்குடுத்த மாதிரிப் போகும். நீங்களா எழும்புவியள் எண்டுதான் பொறுத்து நிண்டனான்."

இப்பவும் நான் சங்கத்துக்கு வந்து சொல்லுறன் பிள்ளை, இந்த ஞாயிறே வாறன் எண்டன். அவள் என்ர கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"சொன்னா உங்களுக்கு நித்திரை வரும். எனக்கு என்ன வரும்?"

கோவமாச் சொல்லேல்லை. கணக்குப் பாத்து, விடை வராத மாதிரித்தான் சொன்னாள். நான் அதையே ஒரு சாட்டாப் பிடிச்சுக்கொண்டு பஸ் ஏறினன். அந்த ஞாயிறு சங்கத்துக்குப் போகேல்லை. அதுக்குப் பிறகு வந்த மூண்டு ஞாயிறும் போகேல்லை. இண்டைக்கு உங்களுக்கு எழுதுறன், சங்கத்தில இருக்கிற ஒருத்தரும் இதை வாசிக்கமாட்டினம் எண்டு தெரிஞ்சுகொண்டு.